தொட்டிலுக்கு என் சேலை

பினாங்கு

அன்புள்ள திலகாவுக்கு,

கான்வென்டில் படித்த உன் அம்மா தொட்டில் கட்டப் பழைய சேலை தர வெட்கப்படுகிறாள் என்று உன் மாமியார் கோல சிலாங்கூரில் சொல்லி வருகிறாராம். அது பொய். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

கால் வீக்கம் வடிந்ததா? ஆறாம் மாதம், மோதிரம் இறுக்கினால் இப்போதே கழற்றிவிடு. நான் தங்கியிருக்கும் விடுதிப் பெண்களோடு எனக்குப் பொழுது போகிறது, கவலைப்படாதே.

நேற்று உனக்குப் போன் செய்தால் உன் மாமியார் எடுத்தார். "சம்மந்தி, நான் கை வச்சாலே பிள்ள உதைக்குது லா! ஸ்பிரிங் தொட்டில் வாங்கி என் சேலையவே கட்டிட்டேன்" என்றார். "ரொம்பச் சந்தோஷம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த உதையை நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

உன்னைத் தூங்கவைத்த நீல வாயில் சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு இத்துடன் அனுப்புகிறேன். கணவனை இழந்தவள் சேலை ஆகாது என்று யாராவது சொன்னால், உன் அப்பா இருந்தபோது அவர் வாங்கித் தந்து நான் உடுத்தியது என்று சொல். மாமியாருடையதை அவிழ்த்துவிட்டு இதைக் கட்டு.

போனில் சொல்லாதே, அவர் பக்கத்தில் இருப்பார். கட்டினாயா இல்லையா என்று உன் கைப்பட எனக்கு எழுது.

அம்மா