இருமும் இருவாச்சி

சோலை வளையம். கூண்டு-2. பார்வையாளர்: ஆதிரை.

நாள் 31 — 16:20

கதிர்ப்பட்டை எரியத் தொடங்கி இருபது நிமிடம். வெப்பம் 24. ஈரம் 91. மருந்துப்பனி வழக்கமான அளவு. கண்டவை: தீக்காக்கை ஓர் இணை, மாங்குயில் மூன்று, தேன்சிட்டு எண்ணவில்லை. படங்கள் 212. தேறியவை 9.

ஆறுமணிக்குருவி இன்று 16:00-க்குக் கூவியது. வளையத்தின் ஒரு நாள் இருபத்திரண்டு மணி நேரம்தான். எங்கள் கடிகாரத்துக்கு இருபத்துநான்கு. அதனால் விடியல் நாள்தோறும் இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக அந்தக் குருவி கடிகாரத்தைப் பொருட்படுத்துவதில்லை. எப்போது விடிகிறதோ அப்போது அதற்கு ஆறு மணி.

இந்தப் பதிவைத் திறப்பவருக்குச் சில விவரங்கள். இது விண்வெளியில் சுழலும் ஓர் உருளையின் உட்புறத்தில் வளர்த்த காடு. சூரியனுக்குப் பதில் கதிர்ப்பட்டை. பூமியிலிருந்து கொண்டுவந்த உயிரணுக்களில் பிறந்த பறவைகள். நோய் வராமலிருக்கத் தெளிக்கும் மருந்துப்பனி எப்போதும் காற்றில் நிற்கிறது. பறவைகளின் நுரையீரலை அதற்கேற்பத் திருத்தியிருக்கிறார்கள், நம்முடையதை அல்ல; நமக்கு அது நஞ்சு. ஆகவே நாங்கள் கூண்டில், பறவைகள் வெளியே. முந்நூறு மீட்டர் தள்ளி, கூண்டு-1இல் ஜெசிந்தா. இரண்டாம் முறையாக, அறுபது நாள் படமெடுக்க வந்திருக்கிறோம்.

நாள் 31 — 18:40

ஜெசிந்தாவின் செய்தி: "ஏட்டி ஆதிரை, மாப்ள வந்தாச்சு! அத்திப்பழத்தோட வாசல்ல நிக்காரு. படம் அனுப்புதேன், பாரு."

மாப்ள என்பது ஆண்-1. மலை இருவாச்சி. வளையத்தில் இருக்கும் ஒரே ஆண். அதன் இணை ஜெசிந்தாவின் கூண்டுக்கு எதிரே ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கிறது. உள்ளே அவள் பறக்கும் இறகுகளை உதிர்த்துவிட்டாள். குஞ்சு பொரிந்து பதினோரு நாள். ஆண் கொண்டுவந்தால் சாப்பாடு, இல்லையென்றால் இல்லை. இந்தக் குஞ்சு பறந்தால் வளையம் காடாக நீடிக்கும். இறந்தால் மரங்களை வெட்டிவிட்டுக் கோதுமை போடுவதாக முடிவாகியிருக்கிறது.

படத்தைப் பார்த்தேன். பின்னாலிருந்து வந்த ஒளி அலகின் மேலிருக்கும் மஞ்சள் மகுடத்துக்குள் புகுந்து, அது உள்ளே விளக்கு வைத்ததுபோல் இருந்தது. அலகு நுனியில் பழம். கீறலுக்குள்ளிருந்து இன்னொரு நுனி.

பதில் அனுப்பினேன்: "நன்றாக இருக்கிறது. ஷட்டர் வேகம் கொஞ்சம் குறைவு."

அவள்: "சவத்தெழவு, அதையா பாத்த நீ?"

பன்னிரண்டு வருடமாக இருவாச்சிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். வெண்ணிற இறகுகளில் அவை மஞ்சளை எங்கிருந்து எடுத்துப் பூசிக்கொள்கின்றன என்பதுவரை தெரியும். ஜெசிந்தா லென்ஸ் பழுதுபார்க்க வேலைக்குச் சேர்ந்தவள். சென்ற பயணத்தில் இந்த இணை முதலில் என் எதிரே இருந்த பொந்தைத்தான் ஒன்பது நாள் பார்த்தது. பெண் தலையை உள்ளே விட்டுவிட்டு வெளியே எடுப்பாள், ஆண் பக்கத்துக் கிளையில் காத்திருப்பான். பத்தாம் நாள் இருவரும் ஜெசிந்தா பக்கம் போய்விட்டார்கள். என் படங்களில் பறவைகள் எப்போதும் கிளம்பிக்கொண்டிருக்கின்றன.

பொறாமை என்று எழுதிப் பார்த்தேன். பொறுக்க முடியாமை. அகராதியில் பார்க்கும்போது எத்தனை மரியாதையான சொல்லாகத் தெரிகிறது.

நாள் 32 — 15:05

வெப்பம் 24. ஈரம் 90. படங்கள் 40.

ஒலிக்காப்பகத்தில் ஒரு பதிவு கிடைத்தது. தொண்ணூறு வருடத்துக்கு முன் பூமியில் ஏதோ ஒரு மலைக்காட்டில் எடுத்தது. ஆண் இருவாச்சியின் எல்லைக் குரல், கொக் கொக் என்று பள்ளத்தாக்கு அதிரும்படி. கடைசியில் பதிவு செய்தவர் ஒருமுறை இருமுகிறார். பெயரில்லை. இருமல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பத்து முறை கேட்டேன்.

பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. விதிப்புத்தகத்தின் முதல் வரி அது. இன்னொரு ஆண் வந்துவிட்டான் என்று நம்பி, இங்கிருக்கும் ஆண் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

கம்பியில் ஓடும் கேமரா ஊர்தியில் ஸ்பீக்கரைக் கட்டி, நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும் கருமருது மரத்துக்கு அனுப்பினேன். பொருத்திப் பார்க்க மட்டும்.

நாள் 33 — 12:30

12:22-க்கு ஒருமுறை போட்டேன்.

வளையத்தின் ஒலிமானியைக் காது என்போம். உடனே திரையில் எழுதியது: *மலை இருவாச்சி. புதிய குரல். ஆண்-2. இடம்: கூண்டு-2.* இருமலையும் சேர்த்தே அடையாளமாகப் பதிந்துகொண்டது.

12:29-க்கு அவன் வந்தான். ரயில் வருவதுபோன்ற இறக்கைச் சத்தம். கருமருதில் உட்கார்ந்து கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு தேடினான். முழு முகம். சிவந்த கண். என் லென்ஸுக்கு நேராக.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும்படி வைத்தேன். இன்று மாலைவரை மட்டும்.

நாள் 33 — 17:50

தலைமை நிலையத்திலிருந்து கலீல் அண்ணன்: "ஆண்-2ன்னு காட்டுதேம்மா. நாம ஒண்ணுதானே விட்டோம்?"

என் பதில்: "எதிரொலியாக இருக்கும். காதைச் சரிபார்க்கிறேன்."

ஜெசிந்தா: "ஏட்டி, உன் பக்கம் யாரோ ஆம்பள இருமுன மாதிரி கேட்டுது. இந்த வளையத்துல ஏதுட்டி ஆம்பள? ஒளிச்சு வச்சிருக்கியா?"

"நான்தான் இருமினேன்" என்று அனுப்பினேன்.

"சுக்கு போட்டுக் குடி. மாப்ள இன்னைக்கு மத்தியானம் வரல, பாத்தியா?"

அவள் பக்கம் கேட்காத அளவுக்கு ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தேன்.

நாள் 34 — 11:10

படங்கள் 411. அத்தனையும் தேறும். மகுடத்தால் ஸ்பீக்கரை முட்ட வரும்போது எடுத்தவை, இறக்கை முழுதும் விரிந்தவை. வாழ்நாளில் இப்படி எடுத்ததில்லை.

ஜெசிந்தா: "நேத்துலேந்து மாப்ளையக் காணல. உன் கண்ணுல பட்டாரா?"

"இல்லை."

அனுப்பும்போது அவன் என் எதிரே நாற்பது மீட்டரில் உட்கார்ந்திருந்தான்.

நாள் 34 — 16:35

ஸ்பீக்கரை நிறுத்த முயன்றேன். நிற்கவில்லை. காலையில் முட்டியதில் கட்டளை வாங்கும் பகுதி உடைந்திருக்கிறது. ஊர்தியின் சக்கரமும் கம்பியிலிருந்து கழன்றுவிட்டது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை குரல், பிறகு இருமல். மின்கலம் ஒன்பது நாள் தாங்கும்.

அவன் போகமாட்டேன் என்கிறான். சாப்பிடவும் இல்லை. பத்தடியில் அத்திமரம் காய்த்து நிற்கிறது, திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணால் பார்க்காத ஒருவனோடு இரண்டு நாளாக மல்லுக்கு நிற்கிறான்.

411 படத்தையும் மீண்டும் பார்த்தேன். ஒன்றில்கூட அவன் வாயில் பழம் இல்லை.

நாள் 35 — 08:15

ஜெசிந்தா: "உள்ளேருந்து அலக நீட்டி நீட்டிப் பாக்கா. குஞ்சு சத்தம் கம்மியாயிட்டு. மாப்ள செத்துட்டாரோ என்னவோ. எனக்குக் கையே ஓடல ஆதிரை. நீ நெறைய படிச்சவ, ஏதாவது சொல்லேன்."

தெரிந்ததைச் சொல்லவில்லை. குஞ்சு மூன்று நாள் தாங்கலாம் என்று படித்ததை மட்டும் சொன்னேன். அவள் நன்றி சொன்னாள்.

நாள் 35 — 18:10

சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே செய்தி. ஒலிக்காப்பகம், ஸ்பீக்கர், 411 படங்கள், நான் சொன்ன 'இல்லை'. காலையிலிருந்து பதினேழு முறை எழுதி அழித்தது. கதிர்ப்பட்டை அணைய ஐம்பது நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

ஜெசிந்தா: "நீதான் இருமுனேன்னு சொன்ன."

பிறகு: "அவ உள்ள இறகு இல்லாம கெடக்காட்டி. அது தெரியும்லா ஒனக்கு? என்னை விட ஒனக்குத்தான தெரியும்?"

கலீல் அண்ணன்: "ஆள் வந்து சேர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது. இருக்கிற முகமூடி பன்னிரண்டு நிமிஷத்துக்குத்தான். கேக்குதாம்மா?"

"கேட்டது."

ஜெசிந்தா: "ஒன்ன மாதிரி எனக்கு நாப்பது மீட்டர்னா நான் இந்நேரம் போயிருப்பேன்."

போயிருப்பாள். போயிருந்தால் அந்தக் குஞ்சும் அவளுடையதாகியிருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

நாள் 36 — 06:00

ஆறுமணிக்குருவி கூவியது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி. பதினோரு நாளுக்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றன.

முகமூடி சரிபார்த்தேன். பராமரிப்புக் கயிற்றுப்பாலம் கருமருதுவரை போகிறது. கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை. இனி குரல் பதிவு.

நாள் 36 — 06:09, குரல் பதிவு

மரத்துக்கு வந்துவிட்டேன். அவன் மேல் கிளையில். மெலிந்திருக்கிறான். மகுடத்தின் விளிம்பு சிதைந்திருக்கிறது. லென்ஸில் அது தெரியவில்லை. தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

மின்கலத்தைக் கழற்றிவிட்டேன். சத்தம் நின்றது.

06:14, குரல் பதிவு

போகவில்லை. உட்கார்ந்தே இருக்கிறான். எதிரி ஒளிந்திருக்கிறான் என்று நினைக்கிறான். தோற்று ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. புரிவது உதவவில்லை.

இரண்டு நிமிடம் இருக்கிறது. திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை.

06:19, குரல் பதிவு

வடிகட்டி முடிந்தது. தொண்டையில் எரிச்சல். இருமி

அவன் திரும்பினான். என்னைப் பார்த்துத் திரும்பினான். மூன்று நாளாகக் குரலுக்குப் பின்னால் கேட்டானே, அந்தச் சத்தம். நான்தான். ஜெசிந்தா, நான்தான் இருமினேன், இப்போது உண்மையாகவே

நேராக வருகிறான். முகம் முழுதும்

06:33, குரல் பதிவு

கூண்டுக்குள். முகமூடி கிழிந்துவிட்டது. பாலம் முழுக்கக் குனிந்து தவழ்ந்து வந்தேன், பின்வாங்குகிறேன் என்று அவனுக்குத் தெரியும்படி. கதவுவரை துரத்தினான். கதவின் ரப்பர் விளிம்பைக் கொத்திப் பிடுங்கிவிட்டான். அது மூடவில்லை. பனி உள்ளே வருகிறது. கலீல் அண்ணன் ஏதோ கத்துகிறார்.

கூரைமேல் உட்கார்ந்து கூவினான். மூன்று முறை. வென்றுவிட்டான். பிறகு அத்திமரத்தில் அவன் இறங்கிய சத்தம்.

பிறகு அவள் பக்கம்.

06:44, குரல் பதிவு

ஜெசிந்தா: "மாப்ள வந்தாச்சு! ஏட்டி ஆதிரை, மாப்ள வந்தாச்சு! குஞ்சு வாங்கித் தின்னுது, கேக்குதா? படம் எடுத்துட்டேன், அனுப்புதேன். ஏட்டி. பேசுட்டி. கதவ எதையாவது வச்சு அடை. நான் வைய மாட்டேன், பேசு."

படம் வந்திருக்கிறது. திறக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

திறந்தேன். அலகில் பழம். உடைந்த மகுடத்தில் அந்த ஒளி. ஷட்டர் வேகம்கூடச் சரி. எனக்கு எப்படி

சவத்தெழவு, என்ன படம்

06:51, காது, தானியங்கிப் பதிவு

ஒலி: மலை இருவாச்சி, ஆண்-2. இடம்: கூண்டு-2.

06:58, காது, தானியங்கிப் பதிவு

ஒலி: மலை இருவாச்சி, ஆண்-2. இடம்: கூண்டு-2. குரலின் கடைப்பகுதி மட்டும். ஒலி வலுவிழந்துள்ளது.

07:10, காது, தானியங்கிப் பதிவு

ஒலி: மலை இருவாச்சி, ஆண்-1. இடம்: கூண்டு-1, பொந்து. உடன் குஞ்சின் குரல்.

07:40, காது, தானியங்கிப் பதிவு

ஆண்-2: ஒலி இல்லை. எல்லை ஆண்-1 வசம்.