கண் டாக்டர் வரும் சனிக்கிழமை

1956 ஜூலை 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். மூன்றாம் வகுப்பில் ஓடு ஒழுகுகிறது. பிள்ளைகளை ஒரு மூலைக்கு நகர்த்தினேன்.

பதில் வந்துவிட்டது. பெங்களூர் கண் டாக்டர் சனிக்கிழமை ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். உத்தனப்பள்ளிப் பிள்ளைகள் இருவரையும் பார்ப்பாராம்.

நான் கடிதம் எழுதியது மார்ச்சில். தலைமையாசிரியர் மேஜையில் கையெழுத்துக்காக மூன்று மாதம் கிடந்தது. இரண்டு தடவை கேட்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை. சண்டைக்காரி என்று பெயர் வருமோ என்று பயம்.

கூட்டிப்போக வேண்டியவர்கள்:
ரத்னம்மா, வயது 9. என் வகுப்பு. எழுதும்போது மூக்கு சிலேட்டில் படும்.
நூர்ஜஹான், வயது 5. புளி வியாபாரி வீட்டுப் பெண். மாசியில் தட்டம்மை. அதிலிருந்து இரண்டு கண்ணிலும் வெள்ளை.

போன வருஷம் முழுக்க ரத்னம்மாவைச் சோம்பேறி என்று அடித்திருக்கிறேன். ஸ்கேலால்.

ஜூலை 11, புதன்

ரத்னம்மாவின் அப்பா முனியப்பா ராகிக்கு உழுதுகொண்டிருந்தார். ஏரை நிறுத்தவில்லை. கூடவே நடந்து பேசினேன். கணுக்கால் வரை சேறு.

"குருடுன்னு டாக்டரு எழுதிக் குடுத்துட்டா எவன் டீச்சரம்மா கட்டுவான்? இப்ப ஊருக்குத் தெரியாம இருக்குது."

"தெரியாமலா இருக்குது?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மாட்டை மட்டும் தெலுங்கில் அதட்டிக்கொண்டு போய்விட்டார்.

சீமெண்ணெய் தீர்ந்தது.

ஜூலை 14, சனி

முனியப்பா பஸ்ஸுக்கு வந்துவிட்டார்! மகளுக்கு எண்ணெய் வைத்துச் சீவி, புதுப் பாவாடை. நூர்ஜஹானை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அம்மா பாத்திமா.

சானமாவுக் காட்டில் பஸ் நின்றது. யானைகள் ரோட்டைக் கடக்கின்றன. ரத்னம்மா சன்னலில் முகத்தை வைத்து, "அப்பா, கருப்பா பெருசா நகருதே, அதா?" முனியப்பா யானையைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கன்னடக்காரர், வயதானவர். நல்ல பொறுமை. ரத்னம்மாவை வெளிச்சத்தில் நிறுத்தி விரல், எழுத்து அட்டை, லென்ஸ். ஒரு மணி நேரம். பிறவிக் கோளாறு, கண்ணாடி போட்டாலும் முழுசாகச் சரியாகாது. ஆனால் குருடு இல்லை. தடித்த பூதக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் புத்தகத்தை முகத்தருகே பிடிக்கச் சொன்னார்.

"ம... ர... மரத்துல கிளி."

முனியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நூர்ஜஹானுக்கு இரண்டே நிமிஷம். டார்ச். வலது, இடது. பிறகு என்னிடம் இங்கிலீஷில்: இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அம்மை இறங்கியதுமே கொண்டுவந்திருந்தால் இடது கண்ணாவது தப்பியிருக்கும்.

"என்ன டீச்சர் சொல்றாரு?" பாத்திமா.

"சத்துக் குறைவாம். கீரை, மீன் எண்ணெய் குடுக்கணுமாம்."

பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஜூலை 15, ஞாயிறு

தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "நான் என்னம்மா, வேணும்னா வெச்சிருந்தேன்?" என்றார். இல்லைதான். நானும் வேண்டுமென்று விடவில்லை. குழந்தைக்கு அதனால் என்ன.

ஜூலை 16, திங்கள்

பள்ளி விட்டதும் பாத்திமா வீடு. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, மூன்று மாதம் கிடந்த கடிதம், நான் கேட்காமல் விட்டது. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. நூர்ஜஹான் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

பாத்திமா: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே தூக்கிட்டு ஓசூருக்கு நடந்திருப்பேனே டீச்சர். கையெழுத்து எனக்கு என்னாத்துக்கு?"



எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். பின்தெருத் தையல்காரர் குழந்தைக்கு அம்மை இறங்கி நாலு நாள், கண் திறக்கவில்லையாம். அந்த வீட்டு மாமியார் எங்கேயும் தூக்கிப்போக விடமாட்டேன் என்கிறாளாம்.

"வாங்க போலாம். நீங்க பேசாதீங்க. நான் பேசறேன்."

பேசினாள். நூர்ஜஹானை அந்த மாமியார் மடியில் உட்காரவைத்துவிட்டுப் பேசினாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அந்தக் குழந்தையோடு ஓசூர்.