அக்கா படம்

மாப்பிள்ளைக்கு,

"அக்காவுக்கு வருஷ திதி வருது, நல்ல படமா ஒண்ணு அனுப்புங்க மச்சான்" என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கீரமங்கலத்தில் நல்ல மழை. ஸ்டூடியோ ஏதோ ஓடுகிறது.

நீ இங்கே ஸ்டூடியோவில் என்னோடு வேலை பார்த்தபோது நாம் எடுத்த படங்களையெல்லாம் கிளவுடில் ஏற்றினாய். கம்ப்யூட்டர் கெட்டாலும் படம் பத்திரமாக இருக்கும், துபாயில் இருப்பவர்களும் அங்கிருந்தே பார்க்கலாம் என்றாய். "ஊர்ப் பொம்பளைங்க படத்த எவன் கம்ப்யூட்டர்லயோ கொண்டுபோய் வப்பியா? எல்லாத்தையும் அழி" என்று கத்தினேன். அழித்தாய். கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். அன்று உன் அக்கா சாப்பிடவில்லை.

போன மாதம் விழுந்த இடியில் கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்குகளும் கருகிவிட்டன. அவள் படமெல்லாம் அதில்தான் இருந்தது. கல்யாண ஆல்பம் புயலோடு போனது உனக்கே தெரியும்.

முப்பது வருஷமாக ஊரையே படமெடுத்தவன், அவளுடைய ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். எவனோ எடுத்த படம்.

என் பேச்சைக் கேட்காமல் ஒன்றையாவது நீ அழிக்காமல் வைத்திருப்பாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீயே என்னிடம் படம் கேட்டபோதுதான், சொன்னபடி எல்லாவற்றையும் அழித்திருக்கிறாய் என்று தெரிந்தது.

உன் மச்சான்