கழுவிய மரப்பட்டை

ஸ்டுட்கார்ட், 12.03.2004

அன்புள்ள யோகராணிக்கு,

இனிமேல் மரப்பட்டையைக் கழுவுவதில்லை என்று நேற்று முடிவெடுத்துவிட்டேன். நெடுநேரம் யோசித்து எடுத்த முடிவு. நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

மிருகக்காட்சிசாலையில் என் பொறுப்பில் ஆபிரிக்க மழைக்காட்டு அணில் ஒன்று இருக்கிறது. பெருவிரல் அளவு, பதினாறு கிராம். பகல் முழுவதும் மரத்தில் தலைகீழாக ஓடிப் பட்டையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். சந்தையிலிருந்து வரும் எதையும் நீ மூன்று தண்ணீரில் கழுவுவாய் அல்லவா? நானும் அப்படியே பட்டையைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். ஒரு வாரத்தில் அணில் பன்னிரண்டு கிராமாகிவிட்டது.

உடன் வேலை செய்யும் வேணுஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணை, அது பட்டையைத் தின்னிறேல்லை. பட்டையில பிடிச்சிருக்கிற பூஞ்சணத்தைத்தான் தின்னுது. நீங்கள் அதின்ர சோத்தையெல்லோ கழுவி ஊத்திப்போட்டீங்கள்!"

மேலதிகாரி சிரிக்கவில்லை, என் பிழையைக் குறித்துக்கொண்டார். எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் கிடைக்காமல், நீ இங்கே வருவதற்கான விசா விண்ணப்பத்தை ஏற்கமாட்டார்கள். ஆகையால் நேற்றிலிருந்து மணிக்கொரு தடவை அணிலைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். இப்போது என்னைக் கண்டாலே ஒளிகிறது. நீ கவலைப்படாதே.

மிளகாய்த்தூள் அனுப்பு. விசாவுக்கு எடுத்த ஆறு படத்திலும் முறைக்கிறாய். சிரிக்கிற படம் ஒன்றையும் உறையில் வை. தபால் எடுக்கும் நேரமாகிறது.

உன்
இராசநாயகம்

உறையை ஒட்டுமுன் எழுதுவது: அலுவலகத் தாள் வந்தது. என் தற்காலிக வேலையை மேலும் ஆறு மாதம் தற்காலிகமாகவே நீட்டியிருக்கிறார்கள்.