காலஞ்சென்றவர்கள் வரிசையில் மாமி

பெப்ரவரி 17, செவ்வாய்
நல்ல பனி. விடியப்புறம் பெரியப்பா போய்விட்டார். இணுவில் வீடு நிறையச் சனம். பந்தல், ஐயர், கதிரை எல்லாம் பெரியப்பாவின் மகன், அண்ணை பொறுப்பு. மரண அறிவித்தல் என் தலையில். "நீ தமிழ் ரீச்சர், உனக்குத்தான் எழுத்து ஓடும்" என்றார் அண்ணை. பிள்ளைகள், மருமக்கள், பேரர், கனடா, லண்டன். ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் திருப்தி. எனக்குப் பெருமை வேறு.

வாங்க: சீனி, தேயிலை, கற்பூரம்.

பெப்ரவரி 18, புதன்
வெயில். பின்னேரம் தகனம். அதற்கு முன்பே வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு போன், தங்கரத்தினம் மாமியின் பக்கத்து வீட்டுப் பெண். "உங்கடை மாமி எப்ப மோசம் போனவ? இப்பவும் கிணத்தடியிலை நிக்கிறா!"

நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். 'காலஞ்சென்றவர்களான கந்தையா, தங்கரத்தினம் ஆகியோரின் அன்புச் சகோதரரும்.' கந்தையாச் சித்தப்பா போனது உண்மை. மாமி, பெரியப்பாவின் ஒரே தங்கை, உயிரோடு.

பெரியப்பா போன செய்தியும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேனென்று அண்ணை நினைத்தார், அண்ணை சொன்னாரென்று நான். சந்திக் கம்பத்து நோட்டீசில்தான் பார்த்திருக்கிறார். செத்தவீட்டுக்கு வரவில்லை.

குசினிக்குள் அண்ணையின் மனைவி, மச்சாள்: "படிச்சவையின்ரை வேலையைப் பார்." சிரிப்பு. நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

பெப்ரவரி 19, வியாழன்
ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகள் நிலா: "சித்தி, அது சும்மா ஒரு கூஃப். எல்லாருக்கும் வாறதுதானே."

கூஃப். போனில் தேடினேன். அசட்டுத்தனமாக விடும் சின்னப் பிழை, பேச்சு வழக்கு. வேர், பழைய வட்டார ஆங்கிலத்தில் மடையனைக் குறித்த ஒரு சொல்லாம். பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாமாம். முதலில் ஆளைச் சொன்னார்கள், பிழையைச் சொன்னது பிறகுதான்.

அந்த முதல் அர்த்தம்தான் எனக்குப் பொருந்தும். இது கைப்பிழை இல்லை. மாமி இருக்கிறார் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நன்றாகத் தெரிந்தவள்போல எழுதினேன். கடைசியாக எப்போது போய்ப் பார்த்தேன்? நினைவில்லை. சின்னதில் எனக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டவர். சீ, நானும் ஒரு மனுசி.

நாளைக்குப் போகவேண்டும்.

பெப்ரவரி 20, வெள்ளி
போகவில்லை. ஸ்கூட்டியில் பெற்றோல் இல்லை. பொய். இருந்தது.

பெப்ரவரி 21, சனி
போனேன். வழியெல்லாம் பாடமாக்கிய வசனம் படலையைத் திறந்ததும் மறந்துபோனது. மாமி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார்.

"மாமி, பெரிய பிழை விட்டிட்டன்."

"ஓம், பாத்தனான். இரு, தேத்தண்ணி போடுறன்."

அழுதேன். அவர் தேத்தண்ணியைக் கையில் தந்தார். பனங்கட்டியும். பெரியப்பா கடைசியில் என்ன சாப்பிட்டார், வலி இருந்ததா என்று கேட்டார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல்:

"அதுசரி பிள்ளை, நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிருந்தால், என்ரை செத்தவீட்டுக்கு ஏன் நீ வரேல்லை?"