மீன் வண்டிக்கு இரண்டாவது டர்போ

மார்ச் 3, செவ்வாய்

பாப்பாவுக்கு இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது. அதற்குச் சந்தோஷப்பட இன்று வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

நேற்று இவர் மலைமேல் ஏரிப் பண்ணைக்கு ஏற்றிப்போன மீன் குஞ்சுகளில் பாதி செத்துவிட்டன. தண்ணீர் நிரப்பிய இரண்டு தொட்டிகளைச் சுமந்துகொண்டு எங்கள் பழைய டீசல் பிக்கப் மேடு ஏற முக்குகிறது. ஏழாவது வளைவில் புகைச் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போயிருக்கிறது. என்ஜின் உருகிவிடக் கூடாதே என்று ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். ஆறுவதற்கு முப்பத்தைந்து நிமிஷம். அதற்குள் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது.

"பண்ணைக்காரர் திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. செத்ததை வலையால அள்ளி அள்ளி வாளியில போட்டுட்டே இருந்தார். பதினாறாம் தேதி இன்னொரு தடவை பாக்கலாம்னார்."

அதுவும் சொதப்பினால் துறைமுகத்து லாரிக் கம்பெனியில் டிரைவர் வேலைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாலு நாள் வீட்டுக்கு வருவார். நானும் பாப்பாவும் மட்டும். இரவில் அவளுக்கு ஏதாவது என்றால் — வேண்டாம், எழுதக்கூட வேண்டாம்.

மார்ச் 5, வியாழன்

நாத்தனார் வந்திருந்தார். இவருக்கு அக்கா. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். பாப்பாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் பானெட்டைத் தூக்கினார். நான் மூச்சு விடவில்லை.

"காத்து பத்தலடா. எரியறதுக்குக் காத்து இல்லாம டீசலை மட்டும் ஊத்தினா சூடாகாம என்ன பண்ணும்? இன்னொரு டர்போ போட்டுருவோம்."

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் விசிறியாம். இருக்கிற சின்னது மேட்டில் திணறுகிறது. பெரிசு மட்டும் என்றால் கிளம்பவே சோம்பேறித்தனம் பண்ணும். இரண்டையும் சேர்த்துவிட்டால் சின்னது உடனே விழித்துக்கொள்ளும், வேகம் பிடித்ததும் பெரிசு கைகொடுக்கும். நொறுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பெரிசு ஒன்று ஷெட்டில் இருக்கிறதாம்.

"மூத்தாளும் இளையாளும் ஒரே வீட்டுல. ஒத்துப்போயிட்டா வண்டியைப் பிடிக்க முடியாது" என்றார்.

"ஒத்துப்போகலன்னா?"

"ஏன், நாம ரெண்டு பேரும் ஒத்துப்போகலையா?"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில், காஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அதை இன்றும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறவர் அவர்.

மார்ச் 8, ஞாயிறு

ஷெட்டில் வண்டியைப் பிரித்தாயிற்று. குழாய்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. உள்ளே ஒரு சின்ன நட்டு விழுந்தாலும் டர்போவின் இறக்கைகள் தூள்தூளாகிவிடுமாம். வாய்களை அடைக்க நாத்தனார் சுத்தமான துணி கேட்டார். பாப்பாவின் பழைய விரிப்பைக் கிழித்துக் கொடுத்தேன். மஞ்சளில் வாத்துப் படம் போட்டது. எட்டுத் துண்டு.

மார்ச் 9, திங்கள்

பாப்பாவுக்கு லேசான சூடு. 99.2. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் 99.2.

மார்ச் 12, வியாழன்

மாட்டி முடித்துவிட்டார்கள். நாளை பத்து மணிக்கு ஸ்டார்ட்.

சாப்பாடு கொண்டுபோனபோது அழுக்குத் துணிகளை வாளியில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். துவைக்கும்போது எண்ணினேன். ஏழு. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஏழுதான்.

எட்டாவது எங்கே? குழாய்க்குள்ளேயே இருந்தால்? ஸ்டார்ட் பண்ணினதும் உறிஞ்சிக்கொண்டு போய்ச் சிக்கும். அப்புறம் பதினாறாம் தேதியும் இல்லை, ஒன்றும் இல்லை.

இவரிடம் சொன்னேன். "அக்காவா? விட்டிருக்காது. இருபது வருஷமா பண்ணுது" என்றார். உண்மைதான். நான்தான் தப்பாக எண்ணினேனா? ஏழு துண்டுதான் கிழித்தேனா? இல்லை, எட்டு. நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். போய்ச் சொன்னால் 'ஆரம்பிச்சுட்டா' என்பார்கள். சொல்லாமல் இருந்து, நாளைக்கு ஏதாவது ஆனால்? நான் ஏன் இப்படி இருக்கேன்னு தெரியல. சொல்லத்தான் வேணும். சொல்லிடறேன்.

மார்ச் 13, வெள்ளி

ஒன்பதரைக்கே ஷெட்டுக்குப் போய்விட்டேன். "அக்கா, துணி ஏழுதான் திரும்பி வந்துச்சு" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எட்டுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"எழுதி வெச்சிருக்கேன்."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, அவ சொல்றான்னு..."

"நீ பேசாம பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு."

ஒவ்வொரு கிளாம்பாகக் கழற்றினார். முதல் குழாய், ஒன்றுமில்லை. இரண்டு டர்போவுக்கும் நடுவிலிருக்கும் வளைந்த குழாய், ஒன்றுமில்லை. கடைசிக் குழாயில் டார்ச் அடித்து, கையை முழங்கைவரை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. மணி பன்னிரண்டரை.

அப்போது பாப்பா அழுதாள். பால் எடுக்கப் பையைத் திறந்தேன். பாட்டிலைச் சுற்றி மஞ்சள் துணி. வாத்து என்னைப் பார்த்தது. புதன்கிழமை ஷெட்டில் பால் சிந்தியபோது, அழுக்காகாமல் கிடந்த ஒன்றை நானே எடுத்துச் சுற்றியிருக்கிறேன்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. துணியைத் தூக்கிக் காட்டினேன். இவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

நாத்தனார் டார்ச்சை அணைத்துக் கீழே வைத்தார். பிறகு, "சரி, எட்டும் வந்துருச்சு. மேடம் உத்தரவு குடுத்தா மாட்டிடலாம்" என்றார்.

"அரை நாளை வீணாக்கிட்டேன்க்கா."

"சந்தேகத்தை வெச்சுக்கிட்டு நான் சாவியைத் திருப்ப மாட்டேன். அது உன் சந்தேகமா இருந்தா என்ன, என் சந்தேகமா இருந்தா என்ன?"

திரும்ப மாட்டும்போது பக்கத்தில் நின்றேன். ஒரு போல்ட்டை இறுக்கியதும் அதன் தலைமேல் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு. அடுத்ததை இறுக்கி, அதற்கும் ஒரு கோடு. எதற்கு என்று கேட்டேன்.

"இறுக்கியாச்சுன்னு எனக்கு நானே எழுதிக்கற சீட்டு. இது இல்லாத காலத்துல, படுத்தப்புறம் எந்திரிச்சு சைக்கிள்ல வந்து பாத்துட்டுப் போவேன்."

"நீங்களா?"

"பின்ன? நீ காஸுக்காக பஸ்ஸை விட்டு இறங்கினப்ப எனக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு வந்துச்சுன்னு நினைக்கற? வீட்டுக்கு இன்னொண்ணு வந்துருச்சுன்னுதான்."

மூன்று வருஷமாக நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மணிக்கு ஸ்டார்ட். முதலில் டீசலை அடைத்துவிட்டு, டர்போக்களுக்கு எண்ணெய் ஏறும்வரை என்ஜினைச் சும்மா சுற்றவிட்டார். பிறகுதான் உயிர் வந்தது. மெல்லிசாக ஒரு விசில். மிதிக்க மிதிக்க, அதற்கு அடியில் கனமாக இன்னொன்று. பாப்பா கண்ணை அகல விரித்துக் கேட்டாள். அழவில்லை.

மார்ச் 16, திங்கள்

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் நாத்தனார் பாப்பாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீயும் வண்டியில ஏறு. அவன் ரோட்டைப் பாக்கட்டும், நீ மீட்டரைப் பாரு. உன்னை மாதிரி மீட்டர் பாக்க ஆள் கிடைக்காது."

பாப்பாவை விட்டுவிட்டு நான் எங்கும் போனதில்லை. ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

சிவப்பு எழுநூறில் தொடங்குகிறது. மூன்றாவது வளைவில் 540. ஐந்தாவதில் 590. ஏழாவது வரும்போது இவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். 625 என்றேன். 630. கீழே ஒரு மூச்சு இறங்குவதுபோல அந்தக் கனத்த சத்தம் சேர்ந்தது, வண்டி முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல ஏறியது. 620. 610. இவர் அப்போதுதான் உதட்டை விட்டார். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்தினோம். இந்த வண்டி அந்த மேட்டில் எதையும் முந்தியதில்லை.

இரண்டு மணி பத்து நிமிஷத்தில் மேலே போய்விட்டோம். பண்ணைக்காரர் தொட்டி மூடியைத் திறந்து வெகுநேரம் குனிந்தே நின்றார். செத்தது பதினேழு. மூவாயிரத்தில் பதினேழு. வலையை மடக்கிக்கொண்டே, "வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவீங்களா?" என்று கேட்டார்.

திரும்பி வந்தால், பாப்பா கன்னத்தில் கிரீஸோடு நாத்தனார் மடியில் தூங்குகிறாள்.

"பால் குடிச்சா. தூங்கினா. எந்திரிச்சு என் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கடிச்சா. திரும்பத் தூங்கிட்டா."

"கழுவின ஸ்பேனராக்கா?"

"நீ கேப்பேன்னு தெரியும். ரெண்டு தடவை கழுவினேன்."

மார்ச் 17, செவ்வாய்

துறைமுகக் கம்பெனியிலிருந்து போன். இவர் குளித்துக்கொண்டிருந்தார். "அவர் வரலைங்க" என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்?

ஏப்ரல் 2, வியாழன்

செத்தது 9.

ஏப்ரல் 9, வியாழன்

செத்தது 14. ஏன் ஐந்து கூட? வெயில் என்கிறார். வெயில்தானா?

ஏப்ரல் 16, வியாழன்

11. சரி.

ஏப்ரல் 23, வியாழன்

பாப்பா இன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றாள். நின்றதும் அவளுக்கே ஆச்சரியம். உட்காரத் தெரியாமல் அழுதாள். இவர் நாலு மணிக்கே ஏரியிலிருந்து வந்துவிட்டதால் அவரும் பார்த்தார். "எங்க அக்காவை மாதிரியே இடுப்பை வளைச்சு நிக்கறா பாரு" என்றார். அந்த அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னோம். "என்னை மாதிரியா, அய்யோ பாவம்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுப் பாப்பா சிரித்தாள். சாப்பிட்டோம். பாத்திரம் இவர் தேய்த்தார், ஒரு தட்டு உடைந்தது.

தேதி எழுதிவிட்டு, செத்தது என்று எழுதப்போனேன். எத்தனை என்று தெரியவில்லை. கேட்கவே இல்லை.

தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்கலாம். வேண்டாம், காலையில் ஞாபகம் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்.