என் பட்டத்தில் உன் பாதி

கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் நிற்கிறது. இன்று காலை மருமகள் அதில் நாட்காட்டியை மாட்டப் போனாள். வேண்டாம் என்றேன். "சும்மா கெடக்குற ஆணிதான அத்த" என்றாள். அது சும்மா கிடக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆணிக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மற்றச் சுவரெல்லாம் இந்த ஊர்ப் புழுதியின் நிறம்.

அங்கே இருந்த படம் இப்போது பீரோவில், என் சேலைகளுக்கு அடியில், முகம் கவிழ்ந்து கிடக்கிறது. கறுப்பு அங்கியோடு, கையில் சுருட்டிய காகிதத்தோடு நான் நிற்கும் படம். அதில் நீ இல்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது நீதான். மதுரையில் அந்த ஸ்டுடியோவில், படம் எடுப்பவருக்குப் பக்கத்தில், உன் மூத்தவள் ரஹ்மத்தைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். "பல்லைக் காட்டாதடி. பி.ஏ. மாதிரி நில்லு" என்றாய். பி.ஏ. எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியாததால் முறைத்தேன். அந்த முறைப்போடுதான் இத்தனை வருடமும் கூடத்தில் இருந்தேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பக்கம் ஒரு மழைகூட இல்லை. ரெட்டியபட்டியில் விதைத்த பருத்தி முளைத்த வேகத்திலேயே கருகிவிட்டது. அதை எழுதுவதற்காக உட்காரவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்குமுன் நமக்கு மட்டுமே தெரிந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறேன். இனி அதற்குச் சாட்சி நான் ஒருத்திதான்.

வசதி குறைந்த மாணவிகளுக்கென்று நம் கல்லூரியில் ஒரு கட்டண உதவி இருந்தது. அந்த வருடம் நம் பக்கத்துப் பெண்களுக்கு ஓர் இடம்தான். நீயும் கேட்டிருந்தாய், நானும் கேட்டிருந்தேன். என் அப்பாவுக்குப் பருத்தி பொய்த்த வருடம் அது. உன் அத்தாவுக்கு ஜவுளிக்கடை நொடித்த வருடம். கல்லூரி முதல்வராக இருந்த மதர் நம் இருவரையும் தம் அறையில் நிற்கவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, உதவியைச் சரிபாதியாகப் பிரித்தார். மிச்சத்தை அவரவர் வீடு கட்ட வேண்டும். நிபந்தனைகள் மட்டும் பாதியாகவில்லை. மதிப்பெண் முதல் வகுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. ஞாயிறுதோறும் நூலக அலமாரிகளைத் துடைக்க வேண்டும். உதவி வாங்குகிற பெண்கள் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, விடுதிப் பொறுப்பு சிஸ்டரின் கண் சொன்னது. அதை நீ ஒருநாளும் காப்பாற்றவில்லை. "பாதிப் பணந்தான குடுக்குறாக, பாதிச் சிரிப்பாச்சும் சிரிச்சுக்கிறேன்" என்பாய், துடைத்த புத்தகத்தில் மறுபடி தும்மிக்கொண்டே.

இரண்டாம் வருடத்தின் நடுவில் உனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். உன்னைக் கூட்டிப் போக அத்தா வந்திருந்தார். உன் பெட்டியை நான் அடுக்கினேன். என் வீட்டிலிருந்தும் அந்தத் தவணைப் பணம் வரவில்லை. அடுத்த வாரம் நானும் பெட்டி அடுக்க வேண்டியவள்தான். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மதரின் அறைக்குப் போனாய். அனுமதி கேட்காமல் அந்தக் கதவைத் திறந்தவள் நீ ஒருத்திதான். திரும்பி வந்து சொன்னாய்: "என் பாதியையும் உனக்கே எழுதச் சொல்லிட்டேன். மதர் சரின்னுட்டாக. ஒழுங்காப் படி. பாதி பி.ஏ. எனக்கு, ஞாபகம் வச்சுக்க."

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் உன் முதல் கேள்வி, "என் பாதி எப்படிடி இருக்கு?" என்பதுதான். அருப்புக்கோட்டையில் உன் வீட்டுக்கு நான் வந்தால், கடைக்குத் துணி எடுக்க வந்தவர்கள் முதல் தண்ணீர் எடுத்துவரும் பெண் வரை எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்வாய்: "இவுக பி.ஏ. இங்கிலீஷ் இலக்கியம். சும்மா இல்ல." எனக்குக் கூச்சமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வேன். கூச்சமெல்லாம் இல்லை. நான் வேலைக்குப் போனவள் இல்லை. என் கணவருக்குப் படித்த பெண்டாட்டியை வீட்டில் வைத்திருப்பது பெருமை, வெளியே அனுப்புவது அல்ல. அவர் போன பிறகு அந்தப் பட்டத்தை ஒருவர் பெயர்சொல்லிக் கூப்பிட்டது உன் வீட்டில் மட்டும்தான்.

இனி, உன்னிடம் மறைத்ததற்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் பேத்தி அபிநயாவுக்கு மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று உனக்குப் போனில் சொன்னேன். நீ அழுதாய். பணம் எங்கே என்று நீ கேட்டபோது, "அரசாங்கச் சலுகை கிடைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னேன். என்ன சலுகை என்று சொல்லவில்லை. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தைக் குறைக்கும் சலுகை அது. அதற்கு முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வேண்டும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், இரண்டு பக்கத்துத் தாத்தா, பாட்டி, யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது.

இ-சேவை மையத்திலிருந்து திரும்பிய என் மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான். அவன் கல்லூரியை அரியரோடு பாதியில் விட்டவன். மருமகள் பன்னிரண்டாம் வகுப்பு. தடையாக இருந்தது நான் ஒருத்திதான்.

"அம்மா, எட்டாவதுன்னு போட்டுட்டேன்" என்றான்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அழித்துவிட்டு வா என்றேன். பொய் எழுதிக் கொடுத்துப் படிக்க வேண்டாம், கடன் வாங்கு என்றேன்.

"எத வச்சு வாங்க? நகை லோனு இருக்கு, பயிர் லோனு இருக்கு. உங்க பி.ஏ.வை அடகு வச்சா எந்த பேங்குலயாச்சும் வாங்குவாகளா?"

இப்படி அவன் என்னிடம் பேசியதில்லை. மூன்று நாள் நான் இறங்கி வரவில்லை. என்னை அசைத்தது அவன் பேச்சும் அல்ல, சமையலறையில் மருமகள் பாத்திரங்களைப் போட்ட போடும் அல்ல. அபிநயா வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குத்திக்காட்டும் பெண் இல்லை அவள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அப்பத்தா, அந்தப் பட்டம் உங்களுக்கு என்ன குடுத்துச்சு?"

உன் பெயர்தான் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குப் புரியாது என்று நினைத்து விழுங்கிவிட்டேன். பிறகு நானே எழுந்து நாற்காலி போட்டு ஏறி, படத்தை இறக்கினேன்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்தார். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். அருப்புக்கோட்டையிலிருந்து வண்டியில் வந்து போகும் இளைஞர், மரியாதை தெரிந்தவர். என் ஆங்கிலப் பத்திரிகையை மகன் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்.

"நீங்க எது வரைக்கும் படிச்சீகம்மா?"

"எட்டாவது" என்றேன். சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டேன். எந்தப் பழக்கத்தில் என்று தெரியவில்லை.

"நல்லது. ரொம்பப் படிச்சவுக வீட்டுக்குப் போனா எங்களையில்ல விசாரிக்கிறாக" என்று சிரித்தார். மகனும் சேர்ந்து சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே. பிறகு பேனாவை நீட்டியவர், "கையெழுத்துப் போடுவீகளா, ரேகை வைக்கணுமா?" என்று கேட்டார். கையெழுத்துத்தான் போட்டேன். தமிழில். நேராக வந்த எழுத்தை நானே கொஞ்சம் கோணலாக்கினேன். கீழே அச்சில் ஒரு வரி இருந்தது: தகவல் தவறென்று தெரிந்தால் பெற்ற சலுகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், சட்டப்படி நடவடிக்கையும் உண்டு. அந்த வீட்டில் அதை ஒழுங்காகப் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சான்றிதழ் வந்தது. சலுகையும் வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சலுகையை வாங்குவது ஒரு நாள் வேலை, நான்கு வருடம் அதைக் காப்பாற்ற வேண்டும். ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் வீடுகளிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எனக்குச் சொந்தமாக ஒரு காவல் வேண்டியிருந்தது. முன்பெல்லாம் பேங்குக் காகிதம், வெளிநாட்டு விசாத் தாள் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இப்போது கண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்புகிறேன். என் ஓரகத்தி விடுவாளா? ஒருநாள் கரண்டு பில்லை நீட்டிவிட்டு, நாலு பேர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்: "அடியாத்தி, மறந்தே போனேன். அக்கா எட்டாவதுல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

கல்லூரி விழா ஒன்றில் அபிநயாவை முதல் பட்டதாரி என்று மேடையேற்றிப் பேச வைத்தார்கள். அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள். "எங்க வீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரிந்தவர்கள் கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். கூட்டம் கை தட்டுகிறது. அவளுக்கு அந்த ஆங்கிலத்தை, எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகும்வரை எழுத வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்று இரவு போனில் அழுதாள். "நான் வேணும்னு சொல்லல அப்பத்தா, எழுதிக் குடுத்துட்டாக" என்றாள். உச்சரிப்பு நன்றாக இருந்தது என்றேன். அவளையும் நான் எதற்குள் நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது புரிகிறதா நான் ஏன் வரவில்லை என்று? முட்டுவலி என்றேன். "ஆட்டோ அனுப்புறேன்டி, கெளவி. என் பாதியப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்றாய். உன் வீட்டுக்கு வந்தால் நீ பத்துப் பேரைக் கூப்பிட்டு, இவுக பி.ஏ. என்பாய். அப்படிச் சொல்லாதே என்று உன்னிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று நீ கேட்பாய். உன் பாதியைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வலி குறையட்டும் வாரேன், வாரேன் என்றே இரண்டு வருடம் ஓடியது. நீ காத்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வந்தேன். உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். துபாயிலிருந்து வந்தும் உன் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை அவளுக்கு. நான் புறப்பட்டபோது வாசல்வரை வந்தாள். பந்தலில் ஆண்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். ரஹ்மத் தன் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இவுகதான் அம்மா சொல்லுவாகளே, பி.ஏ. பெரியம்மா! அம்மாவும் சேந்து வாங்குன பட்டம்னு சொல்லுவாகல்ல, அது இவுகதான்."

உன் மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த வி.ஏ.ஓ. உட்கார்ந்திருந்தார். உன் கடையில் துணி எடுக்கிறவராம். என்னை அடையாளம் தெரிந்து, பாதி எழுந்து கும்பிட்டார். பிறகு ரஹ்மத்தைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றேன். "நான் எட்டாவதுதான்."

ரஹ்மத் என் கையை விட்டாள். கோபத்தில் இல்லை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா சாகுற வரைக்கும் சொன்னாகளே பெரியம்மா… அப்ப அம்மா சொன்னது பொய்யா?"

பந்தலில் யாரோ ஒரு பெரியவர் இரக்கத்தோடு சொன்னார்: "வயசாயிருச்சுல்லத்தா. கடைசிக் காலத்துல எதையாச்சும் மாத்திச் சொல்லியிருப்பாக. விடு." உன் மகனும் தலையை ஆட்டினான். வி.ஏ.ஓ. உட்கார்ந்துவிட்டார்.

நான் தெருவில் இறங்கினேன். வாழ்நாளெல்லாம் ஒரு தேதியைக்கூட மாற்றிச் சொல்லாதவள் நீ. உன்னைப் புத்தி தடுமாறியவளாக்கிவிட்டு, ரெட்டியபட்டிக்கு வண்டி பிடித்து வந்து சேர்ந்தேன்.

ரஹ்மத்திடம் தனியாகச் சொல்லலாமே என்று கேட்பாய். சொன்னால் அவள் தம்பியிடம் சொல்வாள். அம்மா பொய் சொல்லவில்லை என்று அவன் கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்வான். உன் பிள்ளைகள் அப்படிச் சொல்லத்தான் வேண்டும், அதுதான் நியாயம். அந்த நியாயத்துக்கு அபிநயா தன் படிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். உன் பெயரும் அவள் படிப்பும் ஒரே கதவுக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன. கதவைப் பிடித்துக்கொண்டிருப்பவள் நான்.

அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை நான் சாகக் கூடாது. இந்த வயதில் எனக்கு அப்படி ஓர் ஆசை வரும் என்று நினைத்ததில்லை. மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்குகிறேன், ஈரத்தரையில் சுவரைப் பிடித்து நடக்கிறேன். மருமகள் அதைப் பயம் என்று நினைக்கிறாள். அபிநயா கையில் பட்டம் வந்த பிறகு, உன் வீட்டுக் கூடத்தில் உன் பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்துச் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். உங்கள் அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். தினமும் விளக்கை அணைத்த பிறகு அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். இரண்டிலும் பிழையில்லை.